நூறு ஆம்ப்ளிஃபயர் அடங்கிய பெட்டி

அந்தப் பெட்டி ஜமுனாமரத்தூருக்கு மதியப் பேருந்தில் வந்தது. இன்ஜின் மூடியின் மேல், ஒரு தக்காளிக் கூடைக்கும் டிரைவரின் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து மலையேறி வந்திருந்தது. கண்டக்டர் அதை ஒரு கையால் தூக்கி என்னிடம் நீட்டினார். ஒரே கையால். அதன் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அங்கேயே போய்விட்டது. கிட்டார் ஆம்ப்ளிஃபயர் என்றால் தூக்குகிறவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டாமா?

"இன்னா மேஸ்திரி, ரேடியோவா?" என்றார் கண்டக்டர்.

"ரேடியோவா இருந்தா தேவலையே" என்றேன்.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், மிக்சி, சாமை அரைக்கிற மிஷின் எல்லாம் என்னிடம் வரும். திருவிழாக் காலத்தில், செங்கத்திலிருந்து கிளம்பும் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பேன். இருபத்தாறு வருஷமாக வாசிக்கிறேன். குழுவின் ஓனர் செங்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். மேடையில் டிரம்ஸ் பேட் அவர்தான். என்னைவிட எட்டு வயது சின்னவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார். குழுவில் எந்தச் சத்தம் நல்ல சத்தம், எது மட்டம் என்று சொல்வது என் இலாகா. மைக் வாங்கினாலும் கீபோர்டு வாங்கினாலும் முதலில் என்னைக் கேட்கவைப்பார்கள். நான் தலையாட்டினால் வாங்குவார்கள், உதட்டைப் பிதுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதில் எனக்குக் கர்வம் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது சுத்தப் பொய்.

பெட்டி வந்த அன்று சாயங்காலமே ஓனர் போன் செய்தார்.

"கேட்டுப் பாருங்கண்ணா. கம்பெனிக்காரன் ஏழு நாளு டைம் குட்த்துக்கீறான். வேணாம்னா அதே டப்பால போட்டு திருப்பி அனுப்பிடலாம்."

"இன்னாத்துக்கு இது இப்போ? நம்ம வால்வு ஆம்ப்புக்கு இன்னா கொற?"

"அத்த மலைக்கு ஏத்தறதே பெரும்பாடா கீதுண்ணா. போன தபா வேன் நின்ன எடத்துல இருந்து நாலு பேரு மாத்தி மாத்தி தூக்கினாங்க. உள்ள எரியற கண்ணாடி வால்வு ஒண்ணும் ஒடைஞ்சி போச்சி." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இதுவும் ஒத்து வரலன்னா, மலை புரோகிராமுக்கு மட்டும் கிட்டார் பார்ட்ட கீபோர்டுலயே அடிச்சிக்கலாம்னு பாக்கறேன்."

மலைமேல் குடியிருக்கிறவன் நான். குழுவுக்கு வருகிற புரோகிராம்களில் பாதி இந்த மலையூர்களில்தான். அங்கே நான் மேடைக்குக் கீழே கைகட்டி நிற்க, கீபோர்டில் ஒருத்தன் கிட்டார் மாதிரி அடிப்பானாம். பெட்டி வேண்டாம் என்றால் மலை மேடையில் எனக்கு இடமில்லை. வேண்டும் என்றால் என் வால்வு ஆம்ப்ளிஃபயர் உரக்கடைக் குடோனில் யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கும். இவ்வளவுதான் விஷயம். வயிறு எரிய எரிய பெட்டியைப் பிரித்தேன்.

உள்ளே நூறு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதாம். அட்டையிலேயே போட்டிருந்தது. உலகத்தில் பேர்பெற்ற ஆம்ப்ளிஃபயர்களின் சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்காக மாற்றி இந்தக் கைப்பிடி வைத்த டப்பாவுக்குள் அடைத்துவிட்டார்களாம். எனக்கு ஒன்று ஒழுங்காக இருந்தாலே போதும். போனில் அதற்கென்று ஒரு ஆப் வேறு ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைத் திறந்தால் கலர்கலராக ஆம்ப்ளிஃபயர் படம், படத்தில் குமிழ்கள், ஒரு படத்தில் வால்வுகூடச் சிவப்பாக எரிந்தது. அடுப்புப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து அதில் களி கிண்டு என்று சொல்வதைப் போல.

வாங்குவதற்கு முன் ஓனர் பார்த்த வீடியோவையும் எனக்கு அனுப்பியிருந்தார். தாடி வைத்த ஒருவன் இரண்டு தந்தியைத் தடவிவிட்டு, கண்ணை மூடி, ஆகா என்கிறான். இலவசமாகப் பெட்டி கொடுத்தால் நானும்தான் கண்ணை மூடுவேன்.

முதல் பொத்தானை அழுத்தி ஒரு தட்டு தட்டினேன். எதிரொலி, எதிரொலிக்குள் இன்னொரு எதிரொலி. கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் கழற்றும்போது இருமினால் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது பொத்தானில் ஒரே இரைச்சல். நான் எந்தச் சுரத்தை வாசித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஒன்றுக்கு ஏதோ வெளிநாட்டு ஆற்றின் பெயர், இன்னொன்றுக்கு ஒரு பட்டணத்தின் பெயர். மட்டமான சரக்குக்குத்தான் இவ்வளவு பெயர் வேண்டியிருக்கிறது. ஒரு இடத்தைத் தொட்டதும் தானாக டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்தது. உடனே ஓனருக்குப் போன் போட்டேன்.

"உள்ள டிரம்ஸ்காரன் ஒருத்தன் கீறாம்பா. கூலியும் கேக்கறதில்ல, சாப்பாடும் கேக்கறதில்ல. பார்த்தியா நீ?"

ஓனர் போனை வைத்துவிட்டார். அந்த ஏழு நாளில் நான் மனசாரச் சிரித்தது அப்போதுதான்.

எந்த வேஷமும் இல்லாத, வெறும் கிட்டார் சத்தம் மட்டும் வருகிற இடத்தைக் கடைசியில் கண்டுபிடித்தேன். அதுதான் சுமாராக இருந்தது. ஆனால் மந்தம். என் வால்வு ஆம்ப்ளிஃபயரில் மேல்தந்தியைத் தட்டினால் கணீரென்று ஒன்று எழும், ஓரத்தில் கொஞ்சம் கூர்மை இருக்கும். இதில் அது செத்துக் கிடந்தது. அந்தக் கூர்மையைக் கூட்டுவதற்கு டிரெபிள் என்று ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினேன், திருப்பினேன், முட்டுமட்டும் திருப்பினேன். அப்புறமும் போதவில்லை.

நான் இப்படித் திருப்பிக்கொண்டிருந்த அன்று சந்தை நாள். மலையில் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரிலிருந்து, சாமை மிஷின் மோட்டாரை எடுத்துப்போக ஊர்க்கவுண்டர் வந்திருந்தார். ஊர்த் தலைவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் ஊர்த் திருவிழாவுக்குத்தான் எங்கள் குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், "நல்லாத்தான மேஸ்திரி கீது?" என்றார்.

"கவுண்டரே, சாமைல கல்லு கீதா இல்லையான்னு நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். இத்த நான் சொல்றேன், நீங்க கேட்டுக்கங்க" என்றேன். பாவம், வாயை மூடிக்கொண்டார். நான் டிரெபிளைக் கூட்டிவிட்டு மறுபடி தட்டியபோது, அவர் எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார். பெட்டி என் வாடிக்கையாளரையே துரத்துகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஓனரிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். "மந்தம். உசிரு இல்ல. திருப்பி அனுப்பு."

"மேடைல வச்சி ஒரு தபா பாத்துட்டு சொல்லுங்களேண்ணா. கவுண்டர் ஊரு புரோகிராமு ஏழாவது நாளுதான வருது? அன்னிக்கி போன்ல ஒரு வார்த்த தட்டிவுட்டா போதும், அவனே வந்து எடுத்துக்கினு பூடுவான்."

"அப்ப என் வால்வு ஆம்ப்பையும் எத்துக்கினு வா. ரெண்டையும் பக்கத்துல வச்சி எல்லாரு எதுருலயும் பாத்துடலாம்."

"சரிண்ணா" என்றார். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வேன் போகிற வழி முடிந்த இடத்திலிருந்து ஊருக்கு அரை மணி நடை. என் ஆம்ப்ளிஃபயரை நான்கு பேர் முறைவைத்துத் தூக்கினார்கள். நான் பின்னாலேயே, சாய்க்காதே, கல்லைப் பார், மெதுவாக என்று கத்திக்கொண்டே போனேன். அந்தப் பெட்டியைப் பாடகி ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையில் தன் பையையும் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னாலேயே ஊர் சேர்ந்துவிட்டாள். செங்கத்தில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பதினொரு வருஷமாக எங்கள் குழுவில் பாடுகிறாள். மேடையில் எனக்கு இடப்பக்கம், இரண்டடி தள்ளி அவள் இடம்.

இரண்டு மணிக்கு மேடை தயாராகிவிட்டது. பின்னால் ஒரு படுதா கட்டியிருந்தார்கள். முன்னால் பெண்கள் கோரைப்பாய் விரித்து, நல்ல இடம் பிடிக்க இப்போதே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கரண்ட் வழக்கம்போல நோஞ்சானாக வந்தது. ஓனர் என் வால்வு ஆம்ப்ளிஃபயரை எப்போதும்போலப் படுதாவைப் பார்த்துத் திருப்பி வைத்து, மேலே ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டார். தூசி படாமலிருக்க அப்படிச் செய்கிறார் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி தூசு பட்டா பரவால்ல" என்று ஜமக்காளத்தை இழுத்துப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரை ஜனங்களைப் பார்த்துத் திருப்பினேன். ஓனரும் பாடகியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் வால்வு. குறைந்த கரண்டில் கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனாலும் சத்தத்தில் உயிர் இருந்தது. பத்து நிமிஷம் வாசித்தேன். பிறகு கிட்டார் ஒயரைக் கழற்றி அந்தப் பெட்டியில் செருகினேன். டிரெபிள் பத்து. அதற்கும் மேலான உச்சக் கூர்மைக்கு பிரசன்ஸ் என்று இன்னொரு குமிழ், அதுவும் பத்து. வாசித்தேன். மந்தம்தான், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கலாம். ஆறு ஏழு தட்டுத் தட்டியிருப்பேன். இருந்த கொஞ்சம் கணீரும் திடீரென்று இறங்கிப் போனது. குனிந்து பார்த்தேன். டிரெபிள் குமிழ் பத்தில்தான் நிற்கிறது. அதைக் குறைத்து மறுபடி கூட்டினேன், சத்தம் திரும்பி வந்தது. நிமிர்ந்து வாசித்தால் மறுபடியும் இறங்கியது. மூன்று முறை இப்படியே.

எனக்கு ஒரே சந்தோஷம்.

"பாருங்கடா, தானா எறங்குது" என்று ஆரம்பித்தேன். "இதத்தான் ஏழு நாளா கத்தினு கீறேன். நூறு ஆம்ப்பு உள்ள கீதாம், ஒண்ணு ஒழுங்கா நிக்கல. சீக்குப் புடிச்ச பொட்டி. இத்த கண்டுபுடிச்சவன் ஒரு நாளாச்சும் மேடை ஏறியிருப்பானா? இத்த வாங்கறவனுக்கு காதுன்னு ஒண்ணு கீதா?" பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தோ என்னவோ, அமைதியாகக் கேட்டார்கள். நானும் விடவில்லை. கரண்ட் இறங்கும்போது இப்படி ஆகும், உள்ளே எங்கோ பற்றவைத்தது விட்டுப்போயிருக்கிறது, ஈயம் கூட ஒழுங்காக வைக்கத் தெரியாதவர்கள் என்று காரணமெல்லாம் விளக்கினேன். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"தொறக்காதீங்கண்ணா, தொறந்தா திருப்பி எட்த்துக்க மாட்டான்" என்றார் ஓனர்.

"எட்த்துக்கலன்னா கெணத்துல போடு."

பெட்டிக்குப் பின்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து பாடகியின் கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. கையில் போன். பாட்டு வரிகளைப் போனில் வைத்துத்தான் பாடுவாள், அதில் அதிசயமில்லை. ஆனால் திரையில் வரிகள் இல்லை. என் போனில் நான் ஏழு நாளாகப் பார்த்து வெறுத்த அதே ஆப், அதே ஆம்ப்ளிஃபயர் படம், அதே டிரெபிள் குமிழ். அதன் மேல் அவள் கட்டைவிரல்.

"இன்னாம்மா பண்ற?" என்றேன்.

போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஓனரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"கோச்சிக்காதீங்கண்ணா" என்றாள். "காது வலிக்குதுண்ணா." வலது காதிலிருந்து, என் பக்கம் இருக்கிற காதிலிருந்து, ஒரு பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "ரெண்டு வருஷமா வச்சிக்கினுதான் பாடறேன்."

மலைக் குளிருக்கு வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். செங்கம் வெயிலிலும் அவள் பஞ்சு வைத்திருந்ததை நான் யோசிக்கவே இல்லை.

ஓனரைப் பார்த்தேன். "ஜமக்காளம்?"

"தூசிக்கு இல்லண்ணா." வேறு வழியில்லை என்று தெரிந்ததும் கடகடவென்று சொல்லிவிட்டார். "வால்வு ஆம்ப்புல நம்பருல்லாம் அழிஞ்சி போச்சி. நீங்க எம்மாந்தூரம் திருப்பறீங்கன்னு யாருக்கும் தெரியல. வர வர ஊசியா குத்துது. மூஞ்சிக்கு நேரா எப்பிடி சொல்றது? சவுண்டு சொல்றதே நீங்கதான. இதுன்னா தூர நின்னே போன்ல கொறைச்சிடலாம், உங்களுக்கும் தெரியாதுன்னு..."

ஆக, கனத்துக்காக வாங்கவில்லை. வால்வு உடைந்ததற்காகவும் வாங்கவில்லை. எனக்குத் தெரியாமல் என்னைக் குறைப்பதற்காக வாங்கியிருக்கிறார்கள். இரண்டு வருஷமாகக் காதில் பஞ்சு, ஆம்ப்ளிஃபயர் மேல் ஜமக்காளம், வாயில் தூசிக் கதை. ஒருத்தனுக்காவது, அண்ணா உன் சத்தம் சகிக்கவில்லை என்று சொல்லத் துணிச்சல் இல்லை. அவர்கள் மேல் அப்போது எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. இவர்களுடனா இருபத்தாறு வருஷம் என்று இருந்தது.

"அப்ப எனுக்கு காது கேக்கலன்றீங்களா?"

மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த கவுண்டரைப் பார்த்தேன். அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டே, "அன்னிக்கி கடைல எழுந்து போனதே அதுக்குத்தான் மேஸ்திரி" என்றார். "தொழில் பாக்கறவருகிட்ட நாம இன்னாத்த சொல்றதுன்னுட்டு."

விடுவேனா? கழுத்து நரம்பு புடைக்க எழுந்தேன். மற்றவர்களுக்கு நான் வைக்கிற பரீட்சையை எனக்கே வைத்துக்கொண்டேன்.

"நான் திரும்பி நின்னு வாசிக்கறேன். நீ அந்த பிரசன்ஸ பத்துல இருந்து சைபருக்கு எறக்கு. எறக்கற அந்த நொடி நான் கைய தூக்கறேன். தூக்கலன்னா நீங்க சொல்றது நெசம்."

படுதாவைப் பார்த்து நின்றுகொண்டு மேல்தந்தியைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு காதையும் அந்த ஒரு தந்தியில் வைத்திருந்தேன். சத்தம் அப்படியேதான் இருந்தது, இம்மிகூட நகரவில்லை. பொறுமை போய்விட்டது.

"ம், எறக்கும்மா" என்றேன்.

"எறக்கிட்டேண்ணா" என்றாள். "எறக்கி, மறுபடியும் ஏத்தி, ரெண்டாந் தபாவா எறக்கிட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். முன்பாயில் இருந்த பெண்களில் பாதிப்பேர் அப்போதுதான் காதிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக, பக்கத்துப் பட்டறையின் இரும்பறுக்கிற மிஷினை ஒட்டியே கடையில் உட்கார்ந்தவன் நான். அதற்கு மேல் மேடையில் ஆம்ப்ளிஃபயரைக் காதோரம் வைத்துக்கொண்டவன். சைலன்சர் ஓட்டை விழுந்த வண்டியை இரண்டு தெரு தள்ளியே கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொண்டவன். டிரெபிள் இறங்கினால் தெரிகிறது, அதற்கும் மேலே உச்சத்தில் இருந்த கூர்மையெல்லாம் எனக்கு எப்போது போனது என்றே தெரியவில்லை. போனதைத்தான் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பித் தேடியிருக்கிறேன், இவர்கள் காதைக் கிழித்து.

ஓனர் பக்கத்தில் வந்தார். "வால்வுலயே வாசிங்கண்ணா. பொட்டிய இன்னிக்கே அனுப்பிடறேன். கீபோர்டு பேச்செல்லாம் வேணாம். நாங்கதான் பழகிட்டமே."

பழகிவிட்டார்களாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தைக்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

"பொட்டி இருக்கட்டும்" என்றேன். "ஜமக்காளத்த பாட்டுக்காரம்மா உக்கார போடு." அப்புறம் பாடகியிடம், "நீயே வைம்மா. உனுக்கு எது செரின்னு படுதோ அதுல வச்சி நிறுத்திடு. நான் குமிழ தொடல" என்றேன். என் போனிலிருந்து அந்த ஆப்பை அழித்தேன். பெட்டியின் மேல் எனக்கு ஒன்றும் பிரியம் வந்துவிடவில்லை. அது இப்போதும் மட்டமான பெட்டிதான். எரியாத வால்வைப் படம் போட்டு ஏமாற்றுகிற பெட்டி. அதற்கு நல்ல மார்க்குப் போடச் சொன்னால் செத்தாலும் போட மாட்டேன்.

பொழுது சாய்வதற்கு முன்பே ஆரம்பித்தோம். அவள் வைத்த சத்தம் எனக்கு நனைந்த சாக்குக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. விரல் பழக்கத்தில் வாசித்தேன். மேடைக்கு நேர் முன்னால், வழக்கமாக என் பக்கத்தில் மட்டும் காலியாகக் கிடக்கும் இடத்தில், ஜனங்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டர் தன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பாயில் இருந்தார்.

எந்தப் புரோகிராமிலும் முதல் பாட்டு முடிந்ததும் ஓனர் என்னைப் பார்த்து, சவுண்டு ஓகேவா என்று கேட்பார். நான் தலையாட்டினால்தான் இரண்டாவது பாட்டுக்கு டிரம்ஸ் கம்பைத் தூக்குவார். இருபத்தாறு வருஷப் பழக்கம். அன்றும் முதல் பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், "அண்ணா, சவுண்டு ஓகேவா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். கீபோர்டுக்காரரும் கையை நிறுத்திவிட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் இடப்பக்கம் திரும்பி அவளைப் பார்த்தேன். காதில் பஞ்சு இல்லை. மெதுவாகத் தலையாட்டினாள். அதைப் பார்த்துவிட்டு, ஓனரிடம் நானும் தலையாட்டினேன்.